சட்டத்தை மைனராகப் படித்தால் லோயர் ஆகிவிடலாமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்திருக்கின்றன. மூன்றுமே ஏதோ ஒரு வகையில் சட்டப் படிப்பைப் பற்றியவை. நானும் இதே ஊர்த் தோட்டத்தில் வளர்ந்து, ஈப்போவில் வக்கீல் வேலை பார்த்தவள் என்பதால் மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்தில்தான். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்து இப்போது அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மனிதவள நிர்வாகம் முதலாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டாம் ஆண்டிலிருந்து வேறு துறையில் ஒரு மைனர் (துணைப் பாடத் தொகுப்பு) எடுக்கலாம் என்கிறார்கள். எனக்குச் சட்டம் எடுக்க ஆசை. மாமா, "எடு, பின்னால் லோயராகவும் போகலாம்" என்கிறார். அம்மா, "எடுத்த படிப்பை ஒழுங்காக முடி, இது எதற்கு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: தங்கச்சி, முதலில் மாமா சொன்னதைத் திருத்திவிடுகிறேன், அந்த நினைப்போடு நீ மைனர் எடுத்துவிடக்கூடாது. மைனர் படித்து யாரும் வழக்கறிஞர் ஆக முடியாது. இந்த நாட்டில் யார் வழக்கறிஞராகலாம் என்பதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் சொல்கிறது. அதன்படி அங்கீகரிக்கப்பட்ட முழு எல்எல்பி (சட்டம்) பட்டமோ இங்கிலாந்தின் பாரிஸ்டர் தகுதியோ வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம், யுஐஏ போன்ற இடங்களில் எல்எல்பி படித்தவர்கள் நேரே சேம்பரிங் (மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி) போகலாம். வெளிநாட்டு எல்எல்பி என்றால் பெரும்பாலும் சிஎல்பி (சட்டத் தொழில் சான்றிதழ்) பரீட்சை எழுத வேண்டியிருக்கும். அப்புறம் 9 மாதம் சேம்பரிங், அதற்குமேல் மலாய் மொழித் தகுதி. இத்தனையும் முடித்தால்தான் கறுப்புக் கோட்டு. உன் மைனரில் இருக்கப்போவது ஐந்தாறு பாடங்கள், பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் சுமார் ஆறில் ஒரு பங்கு. அதைக் காட்டி சிஎல்பி பரீட்சைக்குப் பெயர்கூடக் கொடுக்க முடியாது.

நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச வேண்டும் என்பதுதான் உன் உள்ளத்து ஆசை என்றால், இப்போதே அதை வீட்டில் சொல்லிவிடு. முதலாம் ஆண்டிலேயே மனம் மாறினால் பெரிய நட்டமில்லை, திரும்ப யுபியூ (அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர் சேர்க்கை) வழியாக எல்எல்பிக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாண்டு படித்து முடித்தபின் அதே ஆசை வந்தால் இன்னும் மூன்று நான்கு ஆண்டும், திரும்ப ஒரு கடனும் ஆகும்.

ஆனால் அம்மா கேட்கிற "இது எதற்கு" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் அப்பா கதையைச் சொல்கிறேன். நான் ஐந்தாம் படிவம் படித்த வருடம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அப்பா அதை பெரிய கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) கொண்டுபோய்க் காட்டினார். கூட்டாளி ஒருவர் வேன் வாங்கியபோது அப்பா பெஞ்சாமின் (ஜாமீன்) கையெழுத்துப் போட்டிருக்கிறார், கூட்டாளி தவணை கட்டாமல் விட்டுவிட்டார், அதனால் முழுப் பணத்தையும் அப்பா கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. "நான் சாட்சிக்குத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். பிற்பாடு 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81-ஆம் பிரிவை வகுப்பில் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கும் உண்டு என்று அது ஒரே வாக்கியத்தில் சொல்கிறது, அந்த ஒரு வாக்கியம் எங்கள் லயத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அப்பா அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கவே மாட்டார். சொந்த உபயோகத்துக்கான கார் கடன், வீட்டுக் கடன், படிப்புக் கடன் ஆகியவற்றுக்கு லாபம் எதுவும் இல்லாமல் ஜாமீன் நின்றவர்களை திவாலாக்க முடியாதபடி 2017-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆனால் கடனைக் கேட்டு வழக்குப் போடுவது இன்றைக்கும் நடக்கிறது.

இன்னொன்று, இது உன் மனிதவளப் படிப்புக்கு நேராகப் பொருந்துவது. நான் சேம்பரிங்கில் இருந்தபோது ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை செய்த அக்கா ஒருவர் வந்தார். காரணமே சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். கையில் எல்லாக் கடிதமும் ஒழுங்காக வைத்திருந்தார். ஆனால் நிறுத்திய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால் 73 நாள் ஆகியிருந்தது. 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, நியாயமான காரணமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று மேனேஜர் சொன்ன வார்த்தையை நம்பி அவர் இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறார். என் சீனியர் மெல்லத் தலையை ஆட்டினார், அந்த அக்காவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் வீட்டில் படித்த பிள்ளைகள் மூன்று பேர். ஒருவர்கூட சட்டம் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மைனர் உனக்குத் தருவது இதைத்தான். வழக்கை நடத்துகிற உரிமை வராது, ஆனால் எந்தக் காகிதத்தில் எந்தத் தேதி முக்கியம், எந்த வார்த்தையில் கை வைத்தால் பிரச்சினை வரும், எப்போது வழக்கறிஞரிடம் ஓட வேண்டும், எப்போது நீயே போய் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். நம் தோட்டத்து ஆட்கள் ஒரு கடிதத்தைக் கிராணியிடம் கொண்டுபோன காலத்திலிருந்து இன்று வரை இந்த இடத்தில்தான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எந்தப் பாடங்களை எடுப்பது? உன் பல்கலைக்கழகம் கொடுக்கிற பட்டியலில் ஒப்பந்தச் சட்டம் இருந்தால் அதுதான் முதலில், மற்றதெல்லாம் அதன்மேல் கட்டுவது. அடுத்தது தொழிலாளர் சட்டம். மனிதவளம் படிக்கிற நீ இதை எடுக்காமல் விட்டால் நான் கோபித்துக்கொள்வேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்ததும், பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானதும், அப்பாக்களுக்கு 7 நாள் விடுப்பு வந்ததும் 2023 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்துதான். பழைய கணக்கையே வைத்து ஆட்களை வேலை வாங்குகிற முதலாளிகளை நான் அதற்குப் பின்னும் பார்த்திருக்கிறேன். நீ நாளைக்கு எச்ஆரில் உட்காரும்போது இதைத் தெரிந்த ஒருத்தி அந்த நாற்காலியில் இருப்பது நிறுவனத்துக்கும் நல்லது, வேலை செய்கிறவர்களுக்கும் நல்லது. ஊழியர்மீதான உள்விசாரணையை ஒழுங்காக நடத்தத் தெரியாததால் முதலாளி தோற்றுப்போன வழக்குகள் ஏராளம்.

மூன்றாவதாக அரசியலமைப்புச் சட்டம். இது வேலைக்கு உதவுமா என்று கேட்காதே, எடுத்துப் படி. 1996-இல் முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தான் டெக் செங் வழக்கு என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடத் துணைத் தலைமையாசிரியர் ஒருவரை வேலைநீக்கம் செய்கிறார்கள். நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியலமைப்பின் 5-ஆவது விதியில் வருகிற "உயிர்" என்ற சொல்லுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருப்பது மட்டும் பொருளல்ல, ஒருவரின் பிழைப்பும் அதற்குள் அடங்கும் என்று விளக்கினார், நீதிமன்றம் வேலைநீக்கத்தைப் பதவி இறக்கமாக மாற்றியது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடாமல் விட்டால் அன்றைய அரிசி இல்லை என்று வளர்ந்த நமக்கு, பிழைப்பும் உயிரும் ஒன்று என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருப்பதைப் படிக்கும்போது உண்டாகிற உணர்ச்சி வேறு மாதிரி. அதோடு இப்படி ஒரு வழக்கை நிதானமாகப் படித்து, நடந்தது என்ன, கேள்வி என்ன, எந்த விதியை வைத்து முடிவு சொன்னார்கள் என்று பிரித்து எழுதப் பழகினால் அந்தப் பழக்கம் ஆடிட் அறிக்கை படிப்பதற்கும் உதவும், கம்பெனிக் கடிதம் எழுதுவதற்கும் உதவும்.

நில சட்டம் கிடைத்தால் அதையும் பார். நம் ஊர்ப்பக்கம் அண்ணன் தம்பி சண்டையில் பாதி, தாத்தா பெயரிலேயே கிடக்கிற கிராண்ட்டால் (நிலப் பத்திரம்) வருவது. சிலர் வீட்டில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் தகரப்பெட்டியில் மக்கிக்கொண்டிருக்கும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தவர்கள் நம் பாட்டன்மார், அந்தப் பத்து வெள்ளியின் மதிப்பு அப்போது என்ன என்று அவர்களைக் கேட்டால் தெரியும். வாரிசு எப்படிக் கேட்பது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்பது தெரியாமல் அப்படியே விட்ட குடும்பங்கள் உண்டு.

இனி நீ கவனிக்க வேண்டியது. மைனர் கிரெடிட் உன் 120-க்குள் அடங்குகிறதா, அதற்கு மேலே வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. மேலே வந்து ஒரு செமஸ்டர் நீண்டால் பிடிபிடிஎன் (அரசாங்கப் படிப்புக் கடன் நிதி) கடன் அந்தச் செமஸ்டருக்கு வராமல் போகலாம், விடுதிச் செலவும் உண்டு, அம்மாவின் பயம் அங்கே நியாயமானது. சட்டப் பாடங்களில் ஏ வாங்குவது சுலபமில்லை. முதல் செமஸ்டரில் ஒரு பாடம் மட்டும் எடுத்துப் பார், சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். மைனர் என்று ஸ்குரோலிலோ (பட்டச் சான்றிதழ்) டிரான்ஸ்கிரிப்டிலோ (மதிப்பெண் பட்டியல்) வருமா என்பதையும் கேள். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் சட்டம் மைனராகக் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் தனித்தனிப் பாடமாக எடுக்க முடியுமா என்று சட்டப் பிரிவில் போய் நேரில் பேசு.

நேரம் கிடைக்கும்போது ஈப்போ நீதிமன்றத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வா. பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவைதான், கைத்தொலைபேசியை மட்டும் அணைத்து வைத்துவிடு. ஒரு காலைப்பொழுது அங்கே இருந்தாலே உனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது தெரிந்துபோகும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

கேள்வி: என் மகள் தனியார் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து, இப்போது சட்டம் மைனராக எடுத்துக்கொண்டால் பிறகு ஒரே வருடம் வெளிநாட்டுப் படிப்பு, அதோடு வழக்கறிஞராகிவிடலாம் என்கிறார். முன்பணம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். கட்டலாமா? (ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: கட்டாதீர்கள், அம்மா. அந்த ஆள் சொல்கிற குறுக்குவழியை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். எந்தப் பட்டம் செல்லும் என்பதை முடிவு செய்வது சட்டத் தொழில் தகுதி வாரியம், மலாயில் லெம்பாகா கெலாயாக்கான் புரொஃபெசியோன் உண்டாங்-உண்டாங் என்பார்கள். அவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை வருடப் படிப்பு, எந்த முறையில் படித்தது, பட்டத்துக்கு முன் எஸ்டிபிஎம் போன்றவற்றில் என்ன தேர்ச்சி என்பதையும் பார்ப்பார்கள். மகள் சட்டம் படிக்கத்தான் போகிறாள் என்றால், படிப்பின் பெயர், கல்லூரியின் பெயர், மகளின் தேர்வு முடிவுகள் எல்லாவற்றையும் போட்டு அந்த வாரியத்துக்கே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தபின் பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் கணக்கியலோடு சட்டம் மைனர் என்பது தன்னளவிலேயே அருமையான சேர்க்கை. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலாளர் இருக்க வேண்டும், அவர் அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பில் உறுப்பினராகவோ எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். வரி வேலை, வங்கி, காப்புறுதி எல்லாவற்றிலும் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த கணக்காளருக்குத் தனி மரியாதை உண்டு. மகள் நன்றாக இருப்பதற்கு அவள் லோயர் ஆகித்தான் தீர வேண்டும் என்பதில்லை. கோயில் திருவிழாவில் யாராவது அப்படிக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கேள்வி: 22 வருடம் வேலை செய்த தோட்டத்தை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 14 நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. புதுக் கம்பெனி வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் மைனர் படிக்கிறான், நானே பதில் எழுதி கோர்ட்டிலும் பேசுகிறேன் என்கிறான். விடலாமா? (வாசகர், சுங்கை சிப்புட் வட்டாரம்)

பதில்: அண்ணே, மகன் உங்களுக்காக நிற்கிறானே, அது பெரிய விஷயம். ஆனால் நீதிமன்றத்தில் உங்கள் சார்பில் அவன் வாதாட முடியாது, வழக்கறிஞர் அல்லாதவர் அப்படிச் செய்வதை வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 37-ஆம் பிரிவு தடுக்கிறது. அவன் செய்யக்கூடியது வேறு நிறைய இருக்கிறது. எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள், எப்போது விற்றார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை எல்லாவற்றையும் சேர்க்கட்டும்.

இப்போது இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று வேலை. 1980-ஆம் ஆண்டு பணிநிறுத்த இழப்பீட்டு விதிகளின்படி, தோட்டம் கைமாறி 7 நாளுக்குள் புது முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வராவிட்டால், உங்களை வேலையிலிருந்து நிறுத்தியதாகவே கருத வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்பது இழப்பீட்டுக் கணக்கு. உங்களுக்கு 22 வருடம், அப்படியென்றால் 440 நாள் சம்பளம். அது தவிர எட்டு வாரம் முன்னறிவிப்பு உங்களுக்கு உண்டு, அது கொடுக்காவிட்டால் அந்தச் சம்பளமும் வர வேண்டும். இதை தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம், அங்கே வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று நினைத்தால் மேலே சொன்ன 60 நாள் கணக்கும் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். தொழிற்சங்கத்தில் உறுப்பினர் என்றால் சங்கத்தில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வீடு. கம்பெனி எழுதிய கடிதம் நீதிமன்ற உத்தரவு அல்ல. வாடகைக்கு இருப்பவரை வழக்குப் போடாமல் வெளியேற்ற முடியாது என்று 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. வேலையோடு சேர்த்துக் கொடுத்த தோட்டத்து வீட்டுக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது வாதத்துக்கு உரியது, அதைத்தான் வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும். பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். ஈப்போவில் இருக்கிற ஜபத்தான் பந்துவான் குவாமானுக்கோ (அரசாங்கச் சட்ட உதவி இலாகா) வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ போகலாம், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அதிகாரி பேசுவதை அவன் குறிப்பெடுத்துக்கொள்வான். அவர்கள் பார்ப்பதற்கு முன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், "சும்மா வாங்கிக்கொண்டதற்கு அடையாளம்" என்று சொன்னாலும் சரி. கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி அதில் இருக்கும்.